பள்ளிக்கூடத்துக்கு யார் பொறுப்பு? வாசகர் கேள்வி பதில்

பள்ளிகள் திறந்ததிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. குறை சொல்ல ஒரு ஆபீஸுக்குப் போனால், "இது எங்க வேலை இல்லை, அங்க போங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்கப் பள்ளிக் கல்வித் துறை பற்றிய கேள்விகள்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். வகுப்பறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுகிறது, கம்பி வெளியே தெரிகிறது. பி.இ.ஓ.வுக்கு (வட்டாரக் கல்வி அலுவலர்) எழுதிக் கொடுத்துவிட்டேன் என்கிறார் ஹெச்.எம். பி.இ.ஓ. ஆபீஸில் யூனியன் ஆபீஸுக்குப் போகச் சொல்கிறார்கள். யூனியன் ஆபீஸில் நிதி வரணும் என்கிறார்கள். யாரைத்தான் கேட்பது?
– வாசகி, சாக்கோட்டை ஒன்றியம்

பதில்: சகோதரி, யாரைக் கேட்பது என்பதற்கு முன்னால் ஒன்று. நாளைக் காலையிலேயே ஹெச்.எம்.மைப் பார்த்து, அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்து வகுப்பில் நெருக்கி உட்காரட்டும், இல்லை வராந்தாவில் உட்காரட்டும். மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று இதில் காத்திருக்கக் கூடாது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் செத்த பிறகுதான், மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. ஒன்றியப் பள்ளிகள் முன்பு முழுக்க ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருந்தன. 1981இல் அந்த ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக்கினார்கள். அதன்பின் பாடம், ஆசிரியர் நியமனம், சம்பளம், ஆய்வு எல்லாம் தொடக்கக் கல்வித் துறையின் வேலையாகிவிட்டது. கட்டடம் மட்டும் ஒன்றியத்தோடு நின்றுவிட்டது. ஆசிரியர் துறைக்குச் சொந்தம், கூரை யூனியனுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை அங்கேயும் இங்கேயும் அலைய விட்டதற்குக் காரணம் இதுதான். ஆளாளுக்குச் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் இரண்டு ஆபீஸும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசாததன் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அது நியாயமே இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழுவில் கட்டடத்தைப் பற்றி ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலோடு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனு, பி.இ.ஓ.வுக்கு ஒரு நகல். கூரையைப் போட்டோ எடுத்துச் சேருங்கள். பதிலே வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், ஏனென்றால் கல்வித் துறை, ஊரக வளர்ச்சித் துறை இரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஆள் மாவட்டத்தில் அவர்தான். சிவகங்கை போய் வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பது தெரியும். அதற்கு முன்னால் கிராம சபை எப்போது என்று பாருங்கள், வருஷத்துக்கு ஆறு நடக்கும், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதில் வரும். சபைத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பள்ளியின் கூரை ஏறிவிட்டால், அப்புறம் யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

கேள்வி: எங்களுக்குக் கடைகண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் காரைக்குடிதான். பள்ளி விஷயத்துக்கு மட்டும் புதுக்கோட்டை போகச் சொல்கிறார்களே?
– வாசகர், கோனாபட்டு

பதில்: செட்டிநாடு நமக்கு ஒரே சீமை. அரசாங்கக் கணக்கில் அது சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. கோனாபட்டு, ராயவரம், ராமச்சந்திரபுரம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை முதன்மைக் கல்வி அலுவலரின் (சி.இ.ஓ.) கீழ் வரும். பள்ளிக்கு 11 இலக்கத்தில் யூடைஸ் எண் என்று ஒன்று உண்டு, ஹெச்.எம்.மிடம் கேட்டால் சொல்வார். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு வட்டாரம். எந்த மனுவிலும் பள்ளிப் பெயரோடு இந்த எண்ணையும் எழுதுங்கள், மனு வழி தவறாது.

கேள்வி: நான் படித்த பள்ளியில் இன்று 7 பிள்ளைகள்தான். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பள்ளியை மூடிவிடுவார்களா? ஆசிரியர் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு.
– ஓய்வு பெற்ற வாசகர், கல்லல் வட்டாரம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேறு வேலை ஓடவில்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர்கள் இருக்க வேண்டும். 61 முதல் 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர், 200 வரை 5 பேர். 7 பிள்ளைதானே, ஒரே வாத்தியார் போதும் என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. தொடக்கப் பள்ளி பிள்ளையின் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆகவே பக்கத்து ஊர்ப் பள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வரும்போது அதுதான் உங்கள் முதல் வாதம்.

ஆனால் துறை எதை வைத்து முடிவு எடுக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கைக்கு மேல் இருப்பவர் உபரி, அவரைத் தேவையுள்ள பள்ளிக்குப் பணி நிரவலில் அனுப்புவார்கள். அதனால் ஜூன், ஜூலையில் சேர்க்கைக்கு ஊருக்குள் நடந்தால்தான் பலன் உண்டு. செப்டம்பரில் நடந்து என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சீமையில் பள்ளிக்காகப் பேசக்கூடிய, எழுதக்கூடிய, அதிகாரியைத் தெரிந்த குடும்பங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன. இன்று அந்தப் பள்ளிகளில் படிப்பது பெரிய வீடுகளைக் காவல் காப்பவர் பிள்ளை, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளை, ஆடு மேய்ப்பவர் பிள்ளை. அவர்களுக்கு மனு எழுத நேரமும் இல்லை, ஆபீஸில் உட்கார வைத்துப் பேசும் மரியாதையும் கிடைப்பதில்லை. மேலே இருந்து பார்க்கும் துறைக்கு 7 என்ற எண் மட்டும்தான் தெரியும். அந்த ஏழு பேர் யார், அடுத்த ஊர் வரை மெயின் ரோட்டில் நடந்து போக முடியுமா என்பதெல்லாம் உங்களைப் போல ஊரில் இருக்கும் ஓய்வு பெற்றவர்கள் எழுதினால்தான் போய்ச் சேரும். உங்கள் பேரப்பிள்ளை அங்கே படிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பத்தா காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கட்டிய உதவி பெறும் பள்ளி. கணக்கு ஆசிரியர் ஓய்வு பெற்று நாளாகியும் ஆள் போடவில்லை. செயலரைக் கேட்டால் அரசு அனுமதி வரவில்லை என்கிறார். இது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? அரசுப் பள்ளிச் சலுகைகள் என் மகனுக்குக் கிடைக்குமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பள்ளி, ஆச்சி. நிலம், கட்டடம், நிர்வாகம் அறக்கட்டளைக்கோ சபைக்கோ சொந்தம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கும். ஆளைத் தேர்ந்தெடுப்பது செயலரும் பள்ளிக் குழுவும், அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருவது மாவட்டக் கல்வி அலுவலர் (டி.இ.ஓ.). இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 1973ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது, இப்போது அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இதில் சிக்கல் வருவது ஒப்புதலில்தான். பணியிடம் உண்டா, உபரி ஆசிரியர் வேறு பள்ளியில் இருக்கிறாரா, தகுதித் தேர்வு முடித்தவரா என்று கேள்வி மேல் கேள்வி வந்து கோப்பு நின்றுவிடும். ஒப்புதல் வராமல் சம்பளமே வாங்காமல் வருஷக்கணக்கில் பாடம் நடத்தி, கடைசியில் கோர்ட்டுக்குப் போன ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். பரிசீலிக்க வேண்டியதைப் பரிசீலிக்கட்டும், தப்பே இல்லை, ஆனால் ஆமோ இல்லையோ ஒரு பதிலைக் கல்வியாண்டு முடிவதற்குள் சொல்லுங்கள் என்பதுதான் துறையிடம் என் வேண்டுகோள். கணக்கு வாத்தியார் இல்லாமல் பத்தாவது முடிக்கும் பிள்ளைக்கு அந்த வருஷம் திரும்பி வராது. நீங்கள் செயலரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கோப்பு எந்தத் தேதியில் எந்த எண்ணில் அனுப்பப்பட்டது? எண் இருந்தால் டி.இ.ஓ. ஆபீஸில் கேட்கலாம். எண் இல்லை என்றால் கோப்பே போகவில்லை என்று அர்த்தம், அப்போது கேட்க வேண்டியது செயலரை. உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஆலோசனைதான் சொல்லலாம் என்று 2012 திருத்தம் வைத்துவிட்டது. ஆனாலும் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் எந்தச் செயலரும் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார்.

சலுகை விஷயத்தில் கவனமாக இருங்கள். விலையில்லாப் பாடநூல், மதிய உணவு உண்டு. காலை உணவு 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 தமிழ்வழியில் படித்த உதவி பெறும் பள்ளி மாணவியருக்கும் விரிவாகியிருக்கிறது. ஆனால் மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவி பெறும் பள்ளி அதில் சேராது. மகனை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். பல பெற்றோருக்குப் பன்னிரண்டாவது முடிந்த பிறகுதான் தெரிகிறது, வயிறு எரிகிறது.

கேள்வி: ஆசிரியர் பிரம்பால் அடித்ததில் பையன் கை வீங்கிவிட்டது. தலைமை ஆசிரியர் சமாதானமாகப் போகச் சொல்கிறார்.
– தந்தை, கானாடுகாத்தான் பக்கம்

பதில்: போகாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். உடலை வருத்தும் தண்டனையும் மனத்தை நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. சமாதானம் பேச ஹெச்.எம்.முக்கு அதிகாரமே இல்லை. 14417 என்பது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகளுக்கான உதவி எண், இரண்டிலும் பதிவு செய்யுங்கள். எழுத்தில் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்று, மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒன்று. இதே பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நடந்தது பாலியல் தொல்லை என்றால் எந்தக் கல்வி ஆபீஸுக்கும் முதலில் போக வேண்டாம், நேரே போலீஸ். தெரிந்தும் மறைக்கும் தலைமை ஆசிரியர்மேல் போக்சோ சட்டத்தில் வழக்குப் போடலாம்.

கேள்வி: பாடம் நடத்தும் நேரத்தை எமிஸ் (பிள்ளைகளின் விவரத்தை ஏற்றும் துறையின் கணினித் தளம்) தின்றுவிடுகிறது. வருகை, எடை, உயரம், செருப்பு அளவு, தேர்வு, எல்லாமே செல்போனில் ஏற்ற வேண்டும். இதற்குப் பெயர்தான் கண்காணிப்பா சார்?
– இளம் ஆசிரியர், திருப்பத்தூர் வட்டம்

பதில்: தம்பி, எமிஸால் வந்த நல்லதை நான் மறுக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், பள்ளி மாறினாலும் அதே எண் என்பதால், பாதியில் நின்ற பிள்ளை எங்கே போனது என்று தேட முடிகிறது. இல்லாத பிள்ளைகளை ஏட்டில் எழுதிப் பணியிடத்தைக் காப்பாற்றும் பழக்கமும் குறைந்தது.

ஆனால் உங்கள் வேதனை உண்மையானது. கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் இம்மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே உட்கார வைத்து எழுத்தர் வேலை வாங்குவதை அந்தப் பிரிவு தடுக்கவில்லை, அந்த ஓட்டை வழியாகத்தான் இவ்வளவும் உள்ளே வருகிறது. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் செல்போனில் இருந்தால் ஐந்து வகுப்பையும் மற்றவர்தான் பார்க்க வேண்டும். இதைச் சென்னையில் செயலி வடிவமைப்பவர்கள் ஒரு நாள் ஒரு ஒன்றியப் பள்ளியில் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் பள்ளியில் எந்தப் பதிவுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்து, சங்கத்தின் வழியாக பி.இ.ஓ. கூட்டத்தில் கொடுங்கள். நேரக் கணக்கோடு போனால் அவர் அதை மேலே அனுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: கட்டண பாக்கி இருப்பதால் தனியார் பள்ளியில் டி.சி. தர மறுக்கிறார்கள். மகளை அரசு உயர்நிலைப் பள்ளியில் ஏழாவது சேர்க்க வேண்டும்.
– வாசகி, காரைக்குடி

பதில்: டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்த முடியாது, எட்டாவது வரை இது சட்டம். அரசுப் பள்ளி ஹெச்.எம்.மிடம் பிள்ளையின் எமிஸ் எண்ணைக் கொடுங்கள். பழைய பள்ளி அதைக் காமன் பூலுக்கு (பள்ளியை விட்டு விலகிய பிள்ளைகளின் எமிஸ் பொதுப் பட்டியல்) விடாவிட்டால், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். டி.சி. கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

கேள்வி: நாங்கள் சில பேர் சேர்ந்து சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். பணம் சரியாகப் போய்ச் சேருமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: பள்ளி கட்டுவது நம் சீமைக்குப் புதிதா என்ன? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தார். காமராசர் காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊராரிடமே பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று வாங்கினார். இப்போது அதற்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" இருக்கிறது, எந்தப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பார்த்து அதற்கென்றே கொடுக்கலாம், வெளிநாட்டிலிருந்தும் அனுப்பலாம்.

கொடுப்பதற்கு முன்னால் மேலாண்மைக் குழுவிடம் என்ன தேவை என்று கேளுங்கள். ஸ்மார்ட் வகுப்பறை வாங்கிக் கொடுத்துப் பெயர்ப் பலகை வைப்பவர்கள் நிறைய, கழிப்பறை கழுவ மாதச் சம்பளம் கொடுப்பவர்கள் ரொம்பக் குறைவு. பெண்பிள்ளைகள் பல பள்ளியில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், கழிப்பறைக்குப் போகப் பயந்து. மூன்று வருஷத்துக்குத் துப்புரவுச் செலவை ஏற்றுக்கொண்டால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கேள்வி: இன்ஸ்பெக்‌ஷன் அன்று பள்ளி பளபளக்கிறது. மற்ற நாள்? அதிகாரிகள் உண்மையில் என்னதான் பார்க்கிறார்கள்?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆண்டாய்வில் பதிவேடு, வருகை, பாடக் குறிப்பேடு, பிள்ளைகளின் வாசிப்பு, கட்டடம், குடிநீர் எல்லாம் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு பி.இ.ஓ.வும் அவருக்கு மேல் டி.இ.ஓ. (தொடக்கக் கல்வி)யும், உயர்நிலை, மேல்நிலைக்கு டி.இ.ஓ. (இடைநிலை)யும் சி.இ.ஓ.வும். ஒரு பி.இ.ஓ. கையில் நிறையப் பள்ளிகள் இருக்கின்றன, போதாததற்குக் கூட்டம், அறிக்கை, நலத்திட்டப் பொருள் விநியோகம். அவர் வருஷத்தில் சில முறை வருவார், நீங்கள் தினமும் வாசல்வரை போகிறீர்கள். அதனால் உங்கள் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தில் போன மாதப் பாடத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கணக்கு நோட்டில் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பத்தி வாசிக்கத் திணறினால், குழுக் கூட்டத்தில் உங்கள் பிள்ளை பேரைச் சொல்லாமல் வகுப்பு முழுக்க எப்படி என்று கேளுங்கள்.

ஆய்வில் அதிகாரி என்ன எழுதினார், பள்ளி அதற்கு என்ன செய்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். ரூ.10 கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எந்தப் பள்ளி, எந்த ஆண்டின் ஆய்வறிக்கை என்று குறிப்பிட்டு, அந்தந்த ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றால் மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு கடிதம், அதற்குக் கட்டணம் கிடையாது. அறிக்கை கைக்கு வந்ததும் நகல் எடுத்து மேலாண்மைக் குழுவில் கொடுத்துவிடுங்கள், அடுத்த ஆய்வு வரும்போது அதை வைத்துக் கேட்கலாம்.